கத்தாத பெட்டி

"கத்த வேண்டிய நேரத்துல கத்தலீங்க, டீச்சர்."

திருமூர்த்தி இதைச் சொல்லிவிட்டு, சோப்பு டப்பா அளவில் இருந்த ஒரு பெட்டியை மேசைமேல் வைத்தார். வைத்த பிறகும் கையை அதிலிருந்து எடுக்கவில்லை.

ஜெசிந்தா பெட்டியைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள்.

"உட்காருங்கண்ணா. என்ன ஆச்சு?"

கோயமுத்தூரின் கணபதிப் பகுதியில், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் ஒரு வைண்டிங் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே மோட்டார்களுக்கு விடுமுறை, சர்க்யூட் பைத்தியங்களுக்குத் திருவிழா. ஒருவருடைய ஆம்ப்ளிஃபயர் கரகரக்கும். இன்னொருவருடைய தண்ணீர்த் தொட்டி மணி, தொட்டி காலியான பிறகு நிதானமாக அடிக்கும். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பார். தெரியாதவரும் தெரிந்த மாதிரியே சொல்லிக் கொடுப்பார். எல்லோரும் சொல்லி ஓய்ந்த பிறகு ஜெசிந்தாவிடம் போவார்கள்.

அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் டீச்சர் இல்லை. கடை கடையாகப் போய் எலக்ட்ரானிக் தராசு பழுது பார்க்கிறவள். முப்பத்தைந்து வயது. அறுபதைத் தாண்டிய திருமூர்த்தியும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அவர் சொன்னார்.

மனைவி மயிலாத்தாளுக்கு நுரையீரல் போய்விட்டது. முப்பது வருஷம் மில்லில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்த நுரையீரல். இப்போது கட்டிலோடு கிடக்கிறாள். மூக்கில் குழாய். பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின். மெஷின் கரண்டில் ஓடுகிறது. கரண்ட் போனால் மெஷின் நிற்கும். உடனே யாராவது ஓடி வந்து குழாயைக் கழற்றிச் சிலிண்டரில் மாட்ட வேண்டும். ஐந்து நிமிஷம் தாங்குவாள், பத்து தாங்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எழுந்து மாட்ட அவளால் ஆகாது. கத்திக் கூப்பிட மூச்சும் கிடையாது.

அந்த 'யாராவது', திருமூர்த்தி ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் பக்கத்து வீட்டம்மா துணைக்கு வந்து உட்காருவார்.

மெஷின் பழசு. அதோடு வந்த அலாரம் என்றைக்கோ செத்துவிட்டது. அதன் இரைச்சலும் அறைக் கதவைத் தாண்டாது. அதனால் அவரே இந்தப் பெட்டியைச் செய்தார். கரண்ட் இருக்கும்வரை சும்மா இருக்கும். போனால் பேட்டரியில் கத்தும்.

"வெள்ளிக்கிழமை நான் மாடியில துணி காயப் போட்டுட்டு இருந்தனுங்க. கரண்ட் போயிருக்குது. இது கத்தல. பேட்டரி தீர்ந்து போயிருக்குது, எனக்குத் தெரியல. ஒவ்வொரு துணியா உதறி, கிளிப் போட்டு, மெதுவா எறங்கி வந்து பார்த்தா, அவ உதடு நீலமா..."



"இப்ப எப்படி இருக்காங்க?"

"பொழைச்சுட்டா. இன்னொரு தடவை பொழைப்பாளான்னு தெரியலீங்க." அவர் பெட்டியைத் தொட்டார். "இது கத்தாம இருந்தா, கரண்ட் இருக்குதுன்னு நினைக்கிறதா, பெட்டி செத்துப் போச்சுன்னு நினைக்கிறதா? எப்படிக் கண்டுபிடிக்கிறதுங்க?"

ஜெசிந்தா பெட்டியைக் கரண்டில் சொருகிவிட்டுத் திறந்தாள். கட்டரை எடுத்தாள். பேட்டரி ஒயரை நறுக்கென்று வெட்டினாள்.

திருமூர்த்தி எழுந்தே விட்டார்.

"இப்பக் கத்துதுங்களா?"

"இல்லீங்க."

"வெட்டறதுக்கு முந்தி?"

"அப்பவும் இல்லீங்க."

அவள் பிளக்கைப் பிடுங்கி, மூடியைப் போட்டுப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள்.

"அடுத்த வாரம் கொண்டு வாங்க."

வெளியே வந்தவரைச் சும்மா விடுவார்களா? நான்கு பேர் சூழ்ந்துகொண்டார்கள். எல்லோருமே நல்ல மனசுக்காரர்கள். அதுதான் சிக்கல்.

"ரெண்டு பேட்டரி போடுங்க. ஒண்ணு போனா ஒண்ணு" என்றார் பேங்க் காசாளர் ஆரோக்கியராஜ்.

"பேட்டரி உயிரோட இருக்குதான்னு காட்ட ஒரு பச்சை லைட் வைங்க" என்றார் இன்னொருவர்.

"சிம் கார்டு போட்டா உங்க போனுக்கே கூப்பிடும், சார்" என்றாள் காலேஜ் லேபில் வேலை பார்க்கும் சுகந்தி. சொன்னதோடு நில்லாமல், தன்னிடமிருந்த அதற்கான சர்க்யூட் போர்டையும் எடுத்துக் கொடுத்தாள்.

அவர் எல்லாவற்றையும் போட்டார்.

அடுத்த ஞாயிறு வந்தபோது பெட்டி டிபன் பாக்ஸ் அளவு ஆகியிருந்தது. ஜெசிந்தா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு சிவப்பு ஸ்கெட்ச் பேனா ஒன்றை அவரிடம் நீட்டினாள்.

"எது எது போனா இது கத்தாதோ, அங்கெல்லாம் ஒரு புள்ளி வைங்கண்ணா."

திருமூர்த்தி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பேட்டரி கிளிப்பில் ஒரு புள்ளி. சுவிட்சில் ஒன்று. பற்றவைத்த ஈயம் சரியாகப் பிடிக்காத ஒரு முனையில் ஒன்று. சிம் கார்டில் வைக்கும்போது யோசித்தார். ரீசார்ஜ் தீர்ந்தால் ஒரு புள்ளி, டவர் கிடைக்காவிட்டால் இன்னொரு புள்ளி.

மொத்தம் பதினொன்று.

"போன வாரம் கொண்டு வந்த பெட்டியில எத்தனை இருந்திருக்கும்?"

அவர் எண்ணிப் பார்த்தார்.

"நாலுங்க."

ஜெசிந்தா பேனாவை வாங்கி மூடினாள்.

அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. புள்ளி இல்லாத இடத்திலும் சிவப்பாகத் தெரிந்தது. பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, மணிக்கு இரண்டு தடவை அதன் பிளக்கைப் பிடுங்கினார். கத்தும். அப்பாடா என்றிருக்கும். பிளக்கைத் திரும்பச் சொருகி, பத்தடி நடந்ததும் சந்தேகம் வந்துவிடும். இப்போது கத்தியது சரி, அடுத்த தடவை? சோதித்துச் சோதித்தே வியாழனுக்குள் இரண்டு பேட்டரியையும் தீர்த்தார்.

மூன்றாவது ஞாயிறு இரண்டு பெட்டிகளோடு வந்தார்.

"இது எதுக்குங்கண்ணா?"

"அது வேலை செய்யுதான்னு இது பார்த்துக்கும்."

"இது வேலை செய்யுதான்னு?"

திருமூர்த்தி இரண்டாவது பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒப்புக்கொண்டார்.

"மூணாவது ஒண்ணு பாதி முடிஞ்சிருக்குதுங்க."

பக்கத்தில் நின்ற ஆரோக்கியராஜுக்குச் சிரிப்பு வந்தது. திருமூர்த்தியின் கண்ணைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். அந்தக் கண் தூங்கிப் பல நாள் ஆகியிருந்தது.

"மூணாவதை யாருண்ணா பார்த்துக்குவாங்க?"

"நாந்தானுங்க."

"அப்படியும் பயம் போகாதா?"

"போகலீங்களே, டீச்சர். கண்ணை மூடுனா அந்த உதடுதான் தெரியுது. நான் என்னதான் செய்யறது? நீங்களாவது சொல்லக் கூடாதா?"

பட்டறையில் எல்லோரும் கையிலிருந்ததை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜெசிந்தா தன் பையைத் திறந்தாள். டைரியைப் புரட்டினாள்.

"புதன்கிழமை காலையில உங்க வீட்டுப் பக்கம் ஒரு தராசு வேலை இருக்குது. வர்றேன்."

புதன்கிழமை பத்து மணிக்கு வந்தாள். கதவைத் தட்டக் கையை ஓங்கும்போதே திருமூர்த்தி திறந்துவிட்டார். விரலை உதட்டில் வைத்துக் காட்டினார்.

"மெல்லப் பேசுங்க" என்றார். அதையே கிசுகிசுப்பாகத்தான் சொன்னார்.

ஜெசிந்தா உள்ளே வந்து நின்றாள். ஏப்ரல் மாதம். கூடத்தில் மின்விசிறி ஓடவில்லை. டிவிமேல் போர்வை கிடந்தது. சுவர்க் கடிகாரம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. அலமாரியில், கரண்டில் மட்டும் ஓடும் ஒரு பழைய ரேடியோ, பிளக் பிடுங்கப்பட்டு, தலையணை உறைக்குள் கிடந்தது.

"எதுக்குங்கண்ணா இதெல்லாம்?"

"பெட்டி கத்துனா எனக்குக் கேக்கணுமில்லீங்க. வேற சத்தம் எதுவும் வெச்சுக்கறதில்ல. குக்கரைக்கூட நிறுத்திட்டேன். பானையிலதான் சோறு."

கட்டிலில் மயிலாத்தாள் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். வந்தவளைக் கண்டதும் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

"நீங்கதான் டீச்சரா..." மூச்சு வாங்கிக்கொண்டாள். "உங்க வீட்டுலயாவது... சத்தம் இருக்குதா, கண்ணு?"

ஜெசிந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தாள். 

"அண்ணா, ஒரு காப்பி கிடைக்குமா?"

சமையலறை பின்பக்கம், முற்றத்தைத் தாண்டி இருந்தது. திருமூர்த்தி தயங்கினார். இரண்டு பெட்டியையும் ஒரு தடவை பார்த்தார். பச்சை விளக்குகள் எரிந்தன. டீச்சர்தான் பக்கத்தில் இருக்கிறாளே என்று போனார்.

பாலை அடுப்பில் வைத்தார். ஒரு காதைக் கதவுப் பக்கமே வைத்திருந்தார்.

பாட்டுச் சத்தம் கேட்டது.

ரேடியோ! அதுவும் முழுச் சத்தத்தில். முற்றம் முழுக்கப் பாட்டு நிறைந்து சமையலறைக்குள் வந்தது.

அவருக்குக் கோபம் தலைக்கேறியது. இவளுக்கு என்ன விளையாட்டு? இந்தக் கூத்தில் பெட்டி கத்தினால் எப்படிக் கேட்கும்? ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யக் கூடாதா? போய்ச் சொல்லிவிட வேண்டும். ஆனால் பால் பொங்குகிற நேரம்.

பழைய பாட்டு. இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வரும்போது மயிலாத்தாள் பின்னால் உட்கார்ந்து பாடுவாளே, அந்தப் பாட்டு. கோபத்திலேயே டபராவைத் தேடினார். கோபத்திலேயே டிகாஷனை ஊற்றினார். சரணம் வந்தபோது, அவரை அறியாமல் அவர் வாயும் கூடவே முணுமுணுத்தது.

வரியின் நடுவில் பாட்டு நின்றது.

டபரா கீழே விழுந்தது. அடுப்பை அணைத்தாரா இல்லையா, தெரியாது. முற்றத்தில் கால் இடறியது. விழாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடினார். கதவில் தோள் இடித்தது. கட்டிலை எட்டியதும் கை தானாகச் சிலிண்டரின் வாயைத் தேடியது.

அதில் குழாய் ஏற்கெனவே மாட்டியிருந்தது.

மயிலாத்தாள் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். உதடு சிவப்பாக இருந்தது. அவர் ஓடி வந்த கோலத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

ஜெசிந்தா மெயின் சுவிட்ச் பக்கத்தில் நின்றாள். கை அதன்மேல் இருந்தது.

"என்னங்க டீச்சர் இது! உசுரு விஷயத்துல இப்படியா? நல்லவேளை, பெட்டி..."

அவர் நிறுத்தினார்.

பெட்டிகள் இரண்டும் ஸ்டூல்மேல் மூடி திறந்து கிடந்தன. பேட்டரிகள் வரிசையாகப் பக்கத்தில் படுத்திருந்தன.

"இது கத்துச்சுங்களாண்ணா? பின்ன எதைக் கேட்டு ஓடி வந்தீங்க?"

திருமூர்த்தி பெட்டிகளைப் பார்த்தார். வாயடைத்துப்போன ரேடியோவைப் பார்த்தார். அவருக்கு இன்னும் மூச்சு இரைத்தது.

மயிலாத்தாள் மெதுவாகக் கையைத் தூக்கி மெயின் சுவிட்சைக் காட்டினாள்.

"போடுங்க... பாட்டு பாதியில நிக்குது."