பேசுறவங்க பேரு

உக்காருங்க, உக்காருங்க. ரயில்வே கேட்டு போட்டாச்சு, ரயிலு போற வரைக்கும் வண்டி நகராது. யம்மா, மருமக பஞ்சாயத்தை அப்புறம் வச்சுக்கலாம். யாரும் பேசப்படாது. ஒரு கதை சொல்றேன்.

எனக்கு ஒரு குரு உண்டு. தாடி கிடையாது. என்னையவிட வயசும் கம்மி. நர்சரி பள்ளிக்கூடத்து ஜெசிந்தா மிஸ்ஸு.

இதே வண்டிதான் அப்ப ஸ்கூல் வேனு. ஏறுனா எலுமிச்சஞ்சோத்து வாசம். புள்ள அழுதா காக்கா மாதிரி கத்துவேன். அப்பவும் அடங்கலேன்னா ஹெட்மாஸ்டர் மாதிரி இருமுவேன். கப்சிப்!

அப்புறம் ஒவ்வொரு சீட்டா காலியாச்சு. அடியில ஒத்தை ஷூ மட்டும் கெடந்துச்சு. தூக்கிப்போட மனசு வரல.

மிஸ்ஸுகிட்ட போய் நின்னேன்.

"மிஸ்ஸு, கல்யாணம் ஆனதுக ஓசூரு, துபாயின்னு போயிருச்சுக. இங்க இருக்கிறதுக ஒண்ணே போதும்னுருச்சுக. அந்த ஒண்ணும் செல்லுலயே ஏ பி சி டி படிச்சுக்கிருது. நான் இனி யாருக்குக் காக்காவா கத்த?"

மிஸ்ஸு சிரிக்கல.

"நாளைக்கு வண்டியைக் கழுவிக் கொண்டா."

கொண்டு போனா, பள்ளிக்கூடத்துல போர்டு மாறியிருக்கு. பெரியவங்க பகல்ல வந்து இருந்துட்டுப் போற இடமாம்.

"இன்னைக்கு யாரும் ஏறலேன்னா முதலாளி வண்டியை வித்துருவாரு"ன்னாங்க மிஸ்ஸு.

மொத வீடு பொன்னுரங்கம் ஐயா வீடு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல உக்காந்து ஊரையே பேச வச்ச மனுசன். இப்ப எக்ஸ்சேஞ்சும் இல்ல, அவரு வாயில அதிகம் பேச்சும் இல்ல.

மக கெஞ்சுறா. ஐயா வாசக்கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு.

"வரல. அங்க எனக்கு என்ன வேலை?"

காக்கா மாதிரி கத்துனேன். மொறைச்சாரு.

இருமிக் காட்டுனேன். "ஆஸ்பத்திரிக்குப் போ"ன்னுட்டு உள்ள திரும்பி நடந்தாரு. கூடவே என் பொழப்பும் நடந்து போகுது.

வண்டியில கூட வந்த மிஸ்ஸு எறங்குனாங்க. கையில சிலேட்டும் குச்சியும்.

"ஐயா, வண்டியில ஒரே சத்தம். லீடர் ஒருத்தர் வேணும். பேசுறவங்க பேரை எழுதணும்."

எட்டிப் பாத்தாரு. வண்டியில இருந்தது நான் ஒருத்தன்தான்!

என்னைய ஏற எறங்கப் பாத்தாரு. அப்புறம் சட்டைப் பித்தானைப் போட்டாரு. சிலேட்டை வாங்கிக்கிட்டாரு. ஏறி மொத சீட்டுல உக்காந்தாரு.

"மிஸ்ஸு, இது அழுற புள்ளைக்குச் செய்யுற வேலையாச்சே?"ன்னு காதோரமாக் கேட்டேன்.

"வண்டியை எடு"ன்னாங்க.

அவ்வளவுதான் கதை. அந்தா இருக்காரு பாருங்க, இன்னைக்கும் அதே சீட்டு, அதே சிலேட்டு. வாயே தெறக்க மாட்டாரு. இதுல இருந்து நமக்கு என்ன தெரியுதுன்னா... இருங்க, நான் விளக்கமாச் சொல்றேன்... மிஸ்ஸு என்ன நெனச்சாங்கன்னா...

என்ன ஐயா, சிலேட்டைத் திருப்புறீங்க? யாரு பேரு? இருதயராஜா? என் பேரு மட்டுமா? பக்கத்துல என்னய்யா இத்தனை பெருக்கல் குறி!

"கேட்டு தெறந்து எவ்வளவு நேரமாச்சு. வண்டியை எடு"ங்கிறாரு ஐயா!