இரட்டை முடிச்சு

குருவைவிடச் சீடருக்குப் பத்து வயது கூடுதல். அந்த உப்பளத்து ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு. மடத்து அம்மையார் சிங்காரவேலுவை ‘அண்ணே’ என்று கூப்பிடுவார். சிங்காரவேலு அவரை ‘அம்மா’ என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

புயல் வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போன அன்று மத்தியானம், சிங்காரவேலு மடத்துக்கு ஓடிவந்தார். கூரைமேல் பழைய வலையை விரித்துக் கட்டியாயிற்று, ஜன்னலுக்குப் பலகை அடித்தாயிற்று, அரிசியும் தீப்பெட்டியும் பரண்மேல் ஏறியாயிற்று என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார். பிறகு குரல் இறங்கியது.

“எல்லாம் செஞ்சிட்டேம்மா. மனசுதான் அடங்க மாட்டேங்குது. எதை விட்டேன்?”

அம்மையார் செருப்பை மாட்டிக்கொண்டு அவருடன் நடந்தார்.

வீட்டில் சண்டை நடந்து ஓய்ந்திருந்தது. மனைவி தனபாக்கியம் சுருட்டிய பாயை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் செங்கமலம், நிறைமாதக்காரி, சுவரில் சாய்ந்து நின்றாள். ஊரே புயலுக்கு ஒதுங்கப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருக்க, சிங்காரவேலுதான் விடவில்லை. பிரசவத்துக்கு அழைத்து வந்த பெண்ணை ஊரார் நடுவே பள்ளிக்கூடத் தரையில் படுக்க வைத்தால் சம்பந்தி வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பது? இந்த வீட்டுக்கு ஒன்றும் ஆகாது என்றார்.

அம்மையார் வீட்டைச் சுற்றி வந்தார். முடிச்சுகளை இழுத்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் கொட்டகைக்குள் போனார். பசு புதுக் கயிற்றில், இரட்டை முடிச்சில் நின்றிருந்தது. அதை அவிழ்க்கத் தொடங்கினார்.

சிங்காரவேலு பதறிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“அது எனக்குப் பிள்ளை மாதிரிம்மா.”

“புயலுக்கு முன்னாடி உங்க அப்பா மாட்டை என்ன செய்வார், அண்ணே?”

அந்தக் கரையில் அது தெரியாதவர் கிடையாது. கொட்டகை விழுந்தாலும் தண்ணீர் ஏறினாலும் கட்டிக்கிடக்கும் மாடு பிழைக்காது. அவிழ்த்துவிட்டால் மேடு தேடிப் போகும். எத்தனையோ புயலுக்குச் சிங்காரவேலுவே அவிழ்த்துவிட்டவர்தான். இந்தத் தடவை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் இறுக்கிக் கட்டிவிட்டார்.

மீதி முடிச்சை அவரே அவிழ்த்தார். பசு மெல்ல மேட்டுப் பக்கம் நடந்தது. தெருமுனையில் அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளிடம் வந்து அவள் தலையைத் தடவினார்.

“போங்கம்மா. ரெண்டு பேரும் கிளம்புங்க.”

தனபாக்கியம் பாயைத் தூக்கிக்கொண்டு, மகளைக் கைத்தாங்கலாகப் பிடித்துப் படியிறங்கினாள்.

சிங்காரவேலு மட்டும் நகரவில்லை. கூரையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“நான் இங்கேயே இருக்கேம்மா. வீட்டுக்கு ஒரு ஆள் துணை வேணாமா?”

அம்மையார் தெருவைக் காட்டினார். தூறலில் தாயும் மகளும் ஒருவரையொருவர் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தார்கள்.

“வேணும் அண்ணே. வீடு அதோ போகுது. ஓடிப்போய் அந்தப் பாயை வாங்கிக்குங்க.”