டீ அறைத் தாழ்ப்பாள்

"மறுபடியும் நின்னுபோச்சு, மேடம்" என்றார் சீடர்.

சீடர் குழந்தைவேலுவுக்கு வயது ஐம்பத்தொன்று. குரு ஜெசிந்தாவுக்கு இருபத்தெட்டு. மதுரையில் அந்த மென்பொருள் அலுவலகத்தில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை.

ஆம்புலன்ஸ் அழைப்புகளுக்கான புரோகிராம் அது. அதற்குள் இரண்டு த்ரெட்கள், அதாவது இரண்டு தனித்தனி வேலைகள், ஒரே சமயத்தில் ஓட வேண்டும். ஒன்று, வரும் அழைப்பைப் பட்டியலில் போடும். மற்றது அதை எடுத்து வண்டி அனுப்பும்.

நான்கு மணிக்குச் சோதனை. இன்றும் நின்றால் குழந்தைவேலுவுக்கு வேலை போய்விடும். இந்த வயதில் வேறு யார் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்?

"ரெண்டும் ஒரே நேரத்துல தொட்டா பட்டியல் குழம்பிடும்னுதான் லாக் போட்டேன். பூட்டு சரியாத்தான் இருக்கு."

ஜெசிந்தா திரையைப் படித்தாள். மெதுவாக, வரி வரியாக.

"டீ குடிக்கலாமா சார்?"

"இப்பவா?"

"நீங்களே போடுங்க. உள்ள போய்த் தாழ் போட்டுக்குங்க. பால் இருந்தா டீ போட்டுட்டு வெளிய வாங்க. இல்லன்னா வர்ற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருங்க. அதுவரைக்கும் கதவைத் திறக்காதீங்க."

டீ அறைக்குள் ஒருவர்தான் போகலாம். போகிறவர் தாழ் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரே டீயில் இரண்டு பேர் சர்க்கரை போட்ட நாளிலிருந்து வந்த சட்டம்.

குழந்தைவேலு தாழ் போட்டார். ஃபிரிட்ஜைத் திறந்தார். பால் இல்லை. மூடினார். திறந்தார். இல்லை.

பத்து நிமிடத்தில் முப்பது தடவை பார்த்திருப்பார். வேலை போகிற நேரத்தில் இதென்ன கூத்து என்று எரிச்சல் வந்தது.

கதவு தட்டப்பட்டது.

"யாரு?"

"முனியசாமி, சார். பால் கொண்டாந்திருக்கேன்."

"இருப்பா, பால் வந்த பிறகுதான் திறக்கணும்."

"திறந்தாத்தானே சார் பாலை வைக்க முடியும்?"

குழந்தைவேலு ஃபிரிட்ஜைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

தாழை விலக்கினார். முனியசாமி பாக்கெட்டுகளோடு நின்றார். பின்னால் ஜெசிந்தா.

"நீங்கதானே மேடம் திறக்காதீங்கன்னு சொன்னீங்க?"

"நான் எங்க சொன்னேன்? உங்க ரெண்டாவது த்ரெட்டுக்கு நீங்க எழுதி வச்சிருந்ததைப் படிச்சேன்."

சீடர் மெல்லக் கேட்டார்.

"சரி, பால் இல்லன்னா கதவைத் திறந்து விட்டுட்டு வெளிய வந்து உக்காந்துக்கிறேன். வந்தது எனக்கு எப்படித் தெரியும்?"

குரு திரும்பி முனியசாமியைப் பார்த்தாள்.

"இதுக்கா யோசிக்கிறீங்க?" என்றார் முனியசாமி. "வச்சிட்டு ஒரு குரல் குடுக்குறேன் சார்."

குழந்தைவேலுவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நாலு மணிக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. டீயை மறந்துவிட்டு, பூட்டைத் திருத்தத் தன் இடத்துக்கு ஓடினார்.