வெறும் தட்டு

சிப்பித்தீவுக்கு அரிசியும் மானியப் பணமும் தலைநகரத்துக் கப்பலில்தான் வரும். ஒருநாள் அதே கப்பலில் மீன்வளத் துறைப் பெரிய அதிகாரி தணிகாசலம் வந்து இறங்கினார். விருந்தினர் விடுதிச் சமையல்காரி பாத்திமுத்துவுக்கு அவர் சிரிப்பே சரியாகப் படவில்லை.

“சர்க்கார் பணத்தில் உட்கார்ந்து தின்கிற ஊர். இன்றைக்குத் தீவில் கிடைப்பதை மட்டும் வைத்துச் சமை, பார்க்கலாம்,” என்றார்.

சமைத்தால் ‘இவர்களுக்கு மானியம் எதற்கு’ என்று அறிக்கை எழுதுவார். சமைக்காவிட்டால் ‘சோம்பேறிகளுக்கு எதற்கு’ என்று எழுதுவார். பாத்திமுத்து தலையை மட்டும் ஆட்டினாள்.

மதியம் வெறும் தட்டை வைத்தாள். அவர் சமையலறைக்குள் புகுந்து ஒவ்வொரு பானையாகத் திறந்து மோந்து பார்த்தார்.

“எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய்?”

“கடல்லதான் ஐயா இருக்கு. வலை போடக் கூடாதுன்னு தடை போட்டது நீங்கதானே.”

அவருக்குப் பசியில் கண் இருண்டது. “தடையை எடுத்துவிட்டேன். போய்ப் பிடிக்கச் சொல்.”

அவள் நகரவில்லை. “எழுதிக் குடுங்க ஐயா.”

முறைத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் சுட்ட மீனை மென்றபடி ஜன்னல் வழியே பார்த்தார். கரையில் ஒரு படகுகூட இல்லை.

“எல்லாரும் எங்கே?” என்றார் சந்தேகமாக.

“கடலுக்குப் போயிட்டாங்க. ஊருக்கும் பசிக்கும்ல ஐயா. மானியத்தை வேணும்னா கொறைச்சுக்குங்க. தடையை மட்டும் அடுத்த கப்பல்ல மறுபடி ஏத்தி அனுப்பிடாதீங்க.”