ஒருமனதாக

வீடு கட்டக் கற்றுக்கொள்ளப் போனவர் சென்னியப்பன். போன மறுநாள் காலையிலேயே நாச்சம்மாள் அவர் கையில் ஒரு கடப்பாரையைக் கொடுத்தார்.

"எங்கே அஸ்திவாரம் தோண்டணும்ங்க?"

"தோண்டறதுக்கு இல்லைங்க. இடிக்கறதுக்கு."

அந்தியூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் பன்னிரண்டு ஏக்கர் நிலம். அதில் பதினோரு மண் வீடுகள். நகரத்து வேலைகளை விட்டுவிட்டு வந்தவர்கள் ஒரே சமையல்கூடத்தில் சமைத்து, மழைத்தண்ணீரைச் சேமித்து, மருந்து அடிக்காமல் விளைவித்து, அங்கே பதினான்கு வருடம் ஒன்றாக வாழ்ந்தார்கள். இப்போது பத்து வீடுகளில் ஆள் இல்லை. கூரை சரிந்து பாம்பு அடைந்திருந்தது. மழைக்கு முன்னால் சுவர்களை இறக்கி, மண்ணை நிலத்துக்கே விட்டுவிடுவது என்று நாச்சம்மாள் முடிவு செய்திருந்தார். பதினோராவது வீட்டில் அவர் தனியாக இருந்தார்.

சென்னியப்பனுக்கு வயது ஐம்பத்தேழு. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். நாச்சம்மாள் அவரைவிட ஒன்பது வயது இளையவர். ஒரு விதைத் திருவிழாவில் நாச்சம்மாள் பேசியதைக் கேட்ட நாளிலிருந்து அவரைத் தன் குரு என்று சென்னியப்பன் சொல்லிக்கொண்டிருந்தார். நாச்சம்மாள் அதை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

கரூர்ப் பக்கம் எட்டு ஏக்கர் வாங்கியாயிற்று. ஏழு குடும்பங்கள் சேர்ந்தாயிற்று. தை மாதம் வேலை தொடங்க வேண்டும். அதற்கு முன் பத்து நாள் குருவோடு இருந்துவிட்டு வரலாம் என்றுதான் சென்னியப்பன் வந்திருந்தார்.

முதல் வீட்டை இடிக்க இரண்டு நாள் ஆனது. வைக்கோலும் களிமண்ணும் குழைத்து மிதித்துக் கட்டிய சுவர். எளிதில் விழவில்லை.

"இந்த வீட்டுக்காரங்க ஏன் போனாங்க?"

"பையனை நல்ல பள்ளிக்கூடத்துல சேர்க்கணும்னாங்க."

இரண்டாவது வீடு.

"இவங்க?"

"அம்மாவுக்கு முட்டி வலி. ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கணும்னாங்க."

மூன்றாவது வீட்டில் அடுப்பு மேடைக்கு மேலே கரியால் ஒரு குழந்தையின் உயரத்தை வருடா வருடம் குறித்து வைத்திருந்தார்கள். ஐந்து கோடுகள். நாச்சம்மாள் அந்தச் சுவரைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அதிலேயே கடப்பாரையைப் போட்டார்.

"இவங்க?"

"காரணம் எதுவும் சொல்லலைங்க. எல்லாருக்கும் வடை சுட்டுக் கொடுத்துட்டுப் போனாங்க."

ஐந்தாம் நாள் மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, சென்னியப்பன் தன் பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து நீட்டினார். புதிய ஊருக்கான விதிகள். நாற்பத்திரண்டு. ஒரு வருடம் உட்கார்ந்து எழுதியது.

"இதுல என்ன குறைன்னு நீங்க சொல்லணும்."

நாச்சம்மாள் வாகை மரத்தடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தார். சாண எரிவாயு, குப்பை மேலாண்மை, சமையல் முறை, யார் வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர். ஒரு வரியையும் விடவில்லை. வெயில் சாய்ந்துவிட்டது.

"நல்லா இருக்குங்க. எங்களோடதைவிட நல்லா இருக்கு."

சென்னியப்பனின் முகம் மலர்ந்தது.

"பத்தொன்பதாவது மட்டும் யாருக்காக எழுதினதுங்க?"

பொதுவேலை செய்ய இயலாதவர்களையும் பிறருக்கு இடைஞ்சலாக இருப்பவர்களையும் சேர்ப்பது, விலக்குவது பற்றி எல்லோரும் ஒருமனதாக முடிவெடுப்பார்கள் என்பது பத்தொன்பதாவது விதி.

"பொதுவா எழுதினதுங்க."

நாச்சம்மாள் அந்தத் தாளை மட்டும் தனியாக எடுத்து மடியில் வைத்தார்.

"தேவசகாயம்னு ஒருத்தர்," என்றார் சென்னியப்பன். "ஏழு குடும்பத்துல அவங்களும் ஒண்ணு. அவருக்கு ஒரு பொண்ணு, மெர்சி. இருபத்திரண்டு வயசு. மனவளர்ச்சி இல்லை. பேச்சு வராது. திடீர்னு கத்தும். தலையைச் சுவத்துல முட்டிக்கும். போன மாசம் எல்லாரும் நிலத்துல ஒண்ணா தங்கினோம். மத்த குழந்தைங்க பயந்துட்டாங்க."

"ம்."

"அந்தப் பொண்ணுக்கும் டவுன்ல ஒரு இல்லம் மாதிரிதான் நல்லதுன்னு எல்லாரும் நினைக்கறாங்க. கோபமா யாரும் சொல்லலைங்க. ரொம்ப வருத்தப்பட்டுத்தான் சொன்னாங்க."

"தேவசகாயம் என்ன சொன்னாரு?"

"அதுதாங்க பெரிய மனசு. அவரே போன்ல எழுதிட்டாரு. எல்லாருக்கும் எது நல்லதோ அதுவே எங்களுக்கும் நல்லதுன்னு. அவரே ஒத்துக்கிட்ட பிறகு இதுல அநியாயம் எதுவும் இல்லையே?"

நாச்சம்மாள் தாள்களை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். எழுந்து கடப்பாரையை எடுத்தார்.

"வாங்க. இன்னொரு வீடு இருக்கு."

நிலத்தின் கடைசியில், ஒற்றை அறை உள்ள சின்ன வீடு அது. மற்ற வீடுகளின் கூரை சரிந்திருந்தது. இதன் கூரை அப்படியே இருந்தது. சுவரில் ஒரு விரிசல் இல்லை.

"இது யாரோட வீடுங்க?"

"ராசப்பனோடது. இங்கே இருக்கற பதினோரு வீட்டுக்கும் சுவர் எழுப்பினது அவருதான். கொத்தனார். எங்களுக்கு மண்ணை மிதிக்கச் சொல்லிக்கொடுத்ததே அவருதான். கூலிக்கு வந்தவரு, இங்கேயே இருந்துக்கறேன்னாரு. சேர்த்துக்கிட்டோம்."

நாச்சம்மாள் வாசலில் நின்றபடி சொன்னார். உள்ளே போகவில்லை.

"ஒன்பதாவது வருஷம் அவருக்குப் புத்தி தடுமாற ஆரம்பிச்சுது. வீடு பத்தி எரியுதுன்னு சொல்லிட்டு யார் வீட்டுக்குள்ள வேணாலும் ஓடிடுவாரு. சாமானையெல்லாம் வெளியே தூக்கிப் போடுவாரு. வைத்தியம் பார்த்தோம். மாத்திரை கொடுத்தா ரெண்டு மாசம் நல்லா இருப்பாரு. அப்புறம் மாத்திரையைத் துப்பிடுவாரு. ஒருநாள் தூளியில கிடந்த ஆறு மாசக் குழந்தையைக் காணோம். ரெண்டு மணி நேரம் தேடினோம். மழைத்தண்ணித் தொட்டிக்குள்ள, இடுப்பளவு தண்ணியில, குழந்தையைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. நெருப்பு அணையட்டும், தர்றேன்னாரு."

"குழந்தை?"

"ஒண்ணும் ஆகலைங்க. அவரு கை ரெண்டும் விறைச்சுப் போயிருந்துது. ஆனா அன்னைக்கு ராத்திரி அந்தக் குழந்தையோட அம்மா தூங்கலை. நானும் தூங்கலை."

"நியாயந்தானேங்க. யாரு தூங்குவாங்க?"

"ஆமாங்க. நியாயந்தான். அஞ்சு கூட்டம் போட்டோம். வட்டமா உக்காருவோம். யாரும் குரல் உயர்த்திப் பேசக் கூடாது, ஒருத்தர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது. அப்படித்தான் எங்க விதி. எல்லாரும் அழுதாங்க. மேட்டூர்ல அவரு தம்பி இருந்தாரு. அனுப்புங்க, பார்த்துக்கறேன்னு சொன்னாரு. அனுப்பிடறதுன்னு முடிவு பண்ணினோம். புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தோம். பஸ் ஏத்தி விட்டோம்."

"தம்பி பார்த்துக்கிட்டாரா?"

"அங்கே போய்ச் சேரலைங்க. நடுவுல எங்கேயோ இறங்கிட்டாரு. பத்தொன்பது நாள் கழிச்சுக் கல்குவாரியில கிடைச்சாரு. மூஞ்சி இல்லை. சட்டையை வெச்சுத்தான் நான் அடையாளம் சொன்னேன். பையில எங்க தோட்டத்து அவரை விதை இருந்துது. போற இடத்துல போடலாம்னு எடுத்துட்டுப் போயிருக்காரு."

மலையிலிருந்து காற்று இறங்கியது. சென்னியப்பன் கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"கூட்டத்துல ஒருத்தர்கூடவா வேண்டாம்னு சொல்லலை?"

"ஒருத்தர் வேண்டாம்னாக்கூட நடக்காதுங்க. விதி அப்படி."

"நீங்க?"

"கை தூக்கினேன்."

சென்னியப்பன் வாசல் வழியே அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அவரை வேற எங்கேயாவது அனுப்பிட்டுத்தான் கூட்டம் போட்டீங்களா?"

"இல்லைங்க. வட்டத்துலதான் இருந்தாரு. எனக்கு எதிர்ல."

"அவரு என்ன சொன்னாரு?"

நாச்சம்மாள் சுவரில் கை வைத்தார்.

"எல்லாரும் கை தூக்கறதைப் பார்த்தாரு. ஒவ்வொருத்தர் மூஞ்சியா பார்த்தாரு. அப்புறம் அவரும் தூக்கினாரு."

பிறகு நாச்சம்மாள் வீட்டின் மூலையில் முதல் அடியைப் போட்டார். சுவர் அசையவில்லை. சென்னியப்பனும் அடித்தார். இருட்டும் வரை அடித்தும் ஒரு முழம்தான் பெயர்ந்தது.

மறுநாள் சென்னியப்பன் வேலைக்கு வரவில்லை. வாகை மரத்தடியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு தேவசகாயத்தைக் கூப்பிட்டார்.

"நான்தான் சென்னியப்பன். நீங்க எழுதினதைப் பத்தித்தான்... இல்லைங்க, நீங்க கொஞ்சம் கேளுங்க. நீங்க எதுக்கும் ஒத்துக்க வேண்டாம். நாளைக்கு வீட்டுக்கு வர்றேன். மெர்சிகூட ரெண்டு நாள் இருக்கணும் எனக்கு."

அந்தப் பக்கம் பதில் வர நேரமானது. வந்தது பேச்சு இல்லை. ஒரு மனிதன் வாயைப் பொத்திக்கொண்டு அழும் சத்தம். அது ஓயும் வரை சென்னியப்பன் போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

அதன் பிறகு மெர்சியை விலக்கப் போவதில்லை என்று மற்ற ஐந்து குடும்பங்களுக்கும் செய்தி அனுப்பினார். ஒவ்வொன்றாகக் கூப்பிட்டன. இரண்டு பேர் சமாதானம் சொல்லிப் பார்த்தார்கள். ஒருவர், "நீங்களே இப்படிச் செய்யலாமா?" என்றார். ஒருவர் விலகிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். மாலையில் சென்னியப்பன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாச்சம்மாளிடம் வந்தார்.

"கிளம்பறேனுங்க."

"சரிங்க."

"எனக்குப் பயமா இருக்கு. இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கலை. அதுக்குள்ள ஆளுக்கு ஒரு பக்கம் நிக்கறாங்க. அந்தப் பொண்ணையும் சேர்த்துக்கிட்டா தினமும் சண்டைதான் வரும்."

நாச்சம்மாள் முகத்தில் படிந்திருந்த மண்ணை முந்தானையால் துடைத்தார்.

"எங்களுக்குள்ள கடைசி வரைக்கும் சண்டையே வரலைங்க."