வெள்ளி ஆணியும் விளக்குமாறும்

மேகம் வாசற்படி வரைக்கும் வந்து படுத்துக்கொள்ளும் மலையூர் அது. தினை முற்றும் மாதத்தில், துப்பாக்கி வைத்திருக்கிற ஒவ்வொருவரும் அதைக் கோயில் மண்டபத்தில் தன் ஆணியில் மாட்டிவிட வேண்டும் என்பது பழைய சட்டம். அப்படியும் ஒரு விடியலில் வெடிச் சத்தம் கேட்டது. பூவாயியின் சினைப்பசு செத்துக் கிடந்தது.

ஜமீன்தார் தோளில் துப்பாக்கியோடு வந்து மண்டபத்தில் சபை கூட்டினார். "இருக்கிற சட்டம் பத்தாது! இனிமேல் கவண்கூட யாரும் தொடக்கூடாது!" என்று முழங்கினார்.

கவண்கல் எறிந்து கிளி விரட்டிப் பிழைப்பவள் பூவாயி. "கவண் இல்லாட்டி ஒரு கதிர்கூட மிஞ்சாதுங்க சாமி," என்றாள்.

"அப்படியென்றால் இந்த ஊரில் வெடிச் சத்தமே கேட்காமலிருக்க நீயே ஒரு வழி சொல். இப்போதே!"

பூவாயி கனவில் நடப்பவள்போல் பனிமூட்டத்துக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் விளக்குமாறு இருந்தது.

"இது எதற்கடி?"

"ஒட்டடை அடிக்கத்தான் சாமி."

அவள் காட்டிய சுவரைச் சபையே அண்ணாந்து பார்த்தது. ஊரார் துப்பாக்கிகள் வரிசையாகத் தொங்கின. நடுவில் ஜமீனின் வெள்ளி ஆணி மட்டும் வெறுமையாக இருந்தது. அதில் ஒரு சிலந்தி வலை, பனித்துளி கோத்து முத்துப்பந்தல்போல மினுங்கியது.

"இதைத் தட்டிவிடறேன், தோள்ல இருக்கறதை மாட்டிடுங்க. புதுச் சட்டமே வேண்டாம். சிலந்திதான் பாவம், சட்டம் தன் வீட்டுக்கு வராதுன்னு இத்தனை வருசமா நம்பியிருந்துச்சு."