வடிவக்காவின் கூடை

வறண்டு கிடந்த செம்பாறையூர் ஏரியை ஊரைத் திரட்டித் தூர்வார வைத்தவர் வடிவக்கா. தேடி வருபவர் பண்டிதரோ பட்டாளத்தாரோ, வந்ததும் கையில் ஒரு மண்கூடையைத் திணித்துவிடுவார். "முதல்ல கூடை, அப்புறம் பேச்சு!" வந்தவர் வேறு வழியில்லாமல் அடுத்தவரிடம் நீட்டுவார். வரிசை தானாக நீளும்.

அந்த அக்கா கண்ணை மூடியதும் மன்னர் மாறவேள் தேம்பித் தேம்பி அழுதார். "அவருக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும்!"

"பனை உயரத்துக்குச் சிலை!" என்றார் அமைச்சர் அனந்தப்பர். "ஏரி வேலை ஆட்களை நாளையே கல் இழுக்க அனுப்பிவிடலாம்."

குறும்புக்குப் பேர்போன அரசவை விகடகவி குழைக்காதனுக்குத் திக்கென்றது. ஏரிக்கரை உடைப்பு இன்னும் அடைபடவில்லை. மழையோ இன்றைக்கோ நாளைக்கோ என்று நிற்கிறது. சிலை எழுவதற்குள் ஊர் முழுகிவிடுமே!

"மன்னா, சிலை அக்காவைப் போல இருக்காதே. அவர் ஒரு நாளாவது சும்மா நின்றிருக்கிறாரா?"

மன்னருக்குச் சுருக்கென்றது. "அப்படியா? நாளைக் காலை அவரை நீ காட்டு. ஊரே 'அக்கா வந்துட்டாக' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், முதல் கல்லை நீதான் இழுக்கிறாய்!"

அனந்தப்பர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் பட்டும் பகட்டுமாக மன்னர் பரிவாரத்தோடு கரைக்கு வந்தார். கல் இழுக்கும் கயிற்றோடு ஊர்ச்சனம் முகம் வாடி நின்றது.

"எங்கே அக்கா?" என்றார் மன்னர்.

குழைக்காதன் ஈரமண் கூடை ஒன்றை மன்னர் கையில் பொத்தென்று வைத்தான். கனம் தாங்காமல் மன்னர் அதை அமைச்சரிடம் தள்ளினார். அமைச்சர் பதறிப்போய்த் தளபதியிடம் தள்ளினார். அதற்குள் அடுத்த கூடை! அதற்கும் அடுத்தது! ஊர்ச்சனம் கயிற்றை உதறிவிட்டு வரிசைக்குள் புகுந்தது.

"ஏய், அக்கா வந்துட்டாகடி!" என்று ஒருத்தி கூவினாள். கரை முழுக்க ஒரே சிரிப்பு. குழைக்காதனுக்கு மட்டும் கண் கலங்கியது. அவனும் அக்காவிடம் கூடை வாங்கியவன்தானே!

உடைப்பு மளமளவென்று அடைபட்டது. மீசையெல்லாம் சேறாக மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். "தோற்றேனப்பா! சிலை வேண்டாம். ஆண்டுதோறும் மழைக்கு முன் அரண்மனையே இங்கே வந்து மண் சுமக்கும்!"

அமைச்சர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

நல்ல சமயம் என்று குழைக்காதன் பல்லைக் காட்டினான். "மன்னா, அடியேனுக்குப் பரிசு..."

நிறைகூடை ஒன்று அவன் நெஞ்சில் வந்து இடித்தது. நீட்டியவர் மன்னர்.

"முதல்ல கூடை, அப்புறம் பேச்சு!"